கையால் முடுக்கிய நட்டு

வெர்லின் கூபிக் நல்லவன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு இருவரும் தலை நரைக்கும் வரை ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். அவன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஒரே ஒரு விஷயத்தில் தீராத கோபமும் உண்டு. கோபத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், பிரியமும் கூடவே வந்து தொலைக்கிறது.

எங்கள் வேலை கார்களை மோதவிடுவது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில், யுத்த காலத்துக் குண்டு விமானங்களுக்காகப் போட்ட பழைய ஓடுதளத்தின் ஒரு மூலை எங்களுக்கு. அங்கே சாலையோரத் தடுப்புகளை நட்டு, ஆளில்லாத பழைய கார்களை இரும்பு வடத்தால் இழுத்து, முழு வேகத்தில் முட்டவிடுவோம். தடுப்பு காரைப் பிடித்து நிறுத்துகிறதா, இல்லை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடுகிறதா என்று பார்ப்போம். உள்ளே இருப்பவர் என்றால் ரப்பர் தோல் போர்த்திய ஒரு பொம்மை. நான் கேமராக்காரி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் மோதலை நீட்டி நீட்டிக் காட்டுவது என் பிழைப்பு. எங்களுக்குத் தலைவி பொறியாளர் ரானே ஆஸ்டர்ஹோம். தடுப்பை நடுகிறவன் வெர்லின்.

அவன் நட்டால் அப்படி நடுவான். தூணைச் சுற்றி ஜல்லியைக் கொட்டி, இடித்து, மறுபடி கொட்டி, மறுபடி இடித்து, பூமியே முளைக்க வைத்ததோ என்று நினைக்கும்படி நிறுத்துவான். எல்லாம் முடிந்து கார் புறப்படுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு நடை நடப்பான். ஒவ்வொரு தூணின் காலையும் பூட்ஸால் ஒரு உதை, ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கை. சந்தேகம் வந்தால் பின்பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்து, அதன் வாயைத் திருகி அளவு வைத்து, ஒரு முடுக்கு. காற்றில் எங்கள் முகமெல்லாம் மரத்துப்போயிருக்கும்.

“ஒவ்வொண்ணுக்கும் முத்தமும் குடுத்துட்டு வா, வெர்லின்! நாங்க இங்கயே உறைஞ்சு போறோம்” என்று நான் கத்துவேன்.

“உனக்கென்ன ஜோலீன், பட்டனை அமுக்குற வேலை” என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரானேக்கு இதில் ஒரு கவலை இருந்தது. “நீ நடுற மாதிரி எந்த ரோட்லயும் எவனும் நடமாட்டான். நாம வெர்லினைத்தான் சோதிக்கிறோமோன்னு சில சமயம் தோணுது” என்று அவள் சொல்வாள். அவனுக்கு அது பாராட்டாகத்தான் காதில் விழும். காது சிவக்கச் சிரிப்பான்.

அவனுக்கு ஒரு அண்ணன், லூமிர். அப்பா டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது லூமிர் படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார். நிலம் கைவிட்டுப் போனபோது மாவட்டத்தின் சாலைப் பணிக்குப் போய்ச் சேர்ந்தார். கோடையில் தடுப்பு நடுவது, குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவது. தம்பியை மட்டும் வெல்டிங் படிக்க அனுப்பினார். லூமிர் இல்லாவிட்டால் வெர்லின் எங்காவது பன்றிக் கொட்டகை கழுவிக்கொண்டிருந்திருப்பான், அவனே சொல்லியிருக்கிறான். அண்ணன் பேச்சுக்காரர், தம்பி ஊமைக்கோட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் தேவாலயத்து வாசலில் நின்றால் ஒருவர் பேசிக்கொண்டேயிருப்பார், மற்றவன் தலையாட்டிக்கொண்டேயிருப்பான்.

இனி அந்த நட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடுப்புத் தகட்டின் நுனிதான் எப்போதும் வில்லங்கம். பக்கவாட்டில் உரசுகிற காரைத் தகடு தள்ளிவிடும். நேராக நுனியில் போய் முட்டினால் அதே தகடு ஈட்டியாகிவிடும். அதனால் நுனியில் ஒரு இரும்புப் பெட்டியை மாட்டுகிறோம். கார் முட்டியதும் பெட்டி தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். போகப் போகத் தகட்டை நசுக்கி நாடா மாதிரி வெளிப்பக்கம் துப்பிவிடும். காரும் வேகம் குறைந்து குறைந்து நின்றுவிடும். பெட்டி நேராக இருக்கிற வரைக்கும்தான் இந்த வித்தையெல்லாம் நடக்கும். அதை முதல் தூணோடு நேராகப் பிடித்து வைப்பது இரண்டு நட்டுகள்.

லூமிரின் ஆட்கள் அந்த இரண்டு நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு முடுக்குவதில்லை, கையால்தான் முடுக்குவார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பனி தள்ளும் வண்டியின் கத்தி போகிற போக்கில் பெட்டியை உரசும். இறுக்கி வைத்திருந்தால் பெட்டி வளைந்து பாழாகும், மாற்றுப் பெட்டி வருவதற்குள் வசந்தம் வந்துவிடும். தளர்வாக இருந்தால் உரசலுக்கு ஆடிக்கொடுக்கும், யாராவது இறங்கி ஒரு தட்டுத் தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பனி தள்ளுகிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. லூமிர் அதைத் தன் ஆட்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆட்டம் கண்ட பெட்டி நாளடைவில் தலை குனிந்து தொங்கும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கேலீன் சொபோட்கா பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த பெண், இன்னும் முப்பதாகவில்லை. அன்று பிள்ளைகளுக்குச் சில்லி சூப்பும் பட்டைத்தூள் தூவிய ரொட்டிச் சுருளும் போடுகிற நாள். மாவு பிசைய வேண்டும் என்று சீக்கிரமே புறப்பட்டிருக்கிறாள். ஓடைப் பாலத்துக்கு முன்னால் கார் வழுக்கி நேராகத் தடுப்பின் நுனியில் முட்டியது. தகடு நசுங்கவில்லை, வெளியே துப்பப்படவும் இல்லை. மடங்கி, காருக்குள் போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. மோதல் பார்ப்பதே தொழிலான எனக்கு இதற்கு மேல் எழுத மனம் இல்லை.

பெட்டி தொங்கிக்கொண்டிருந்ததையும் நட்டுகள் கையால் திருகும்படி இருந்ததையும் போலீஸ் எடுத்த படங்கள் காட்டின. ஊருக்குத் தெரிய ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. லூமிர் உட்கார்ந்த வரிசையில் யாரும் வந்து உட்காரவில்லை. அவர் மனைவி காலமாகி இரண்டு வருஷமாக வாசலுக்கு வந்துகொண்டிருந்த பலகாரத் தட்டுகள் நின்றுபோயின. கேலீனின் அப்பா எமில், லூமிரோடு சீட்டாடுகிறவர், தேவாலயத்தில் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று லூமிர் பின்னால் சொன்னாராம்.

ஆனால் லூமிர் மடங்குகிற ஆள் இல்லை. ஒரு நாள் நேராக எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“நட்டுனால அவ சாகல. அந்தப் பெட்டியே உருப்படாதது. நீங்கதான் பாஸ் போட்டுக் குடுத்தீங்க.”

“இருக்கலாம்” என்றாள் ரானே. “எங்களுக்கும் தெரியணும் லூமிர். கேலீன் மோதுன மாதிரியே ஒண்ணை மோதிப் பாக்கச் சொல்லி மாநிலத்துலேர்ந்து கேட்டிருக்காங்க.”

“அப்ப நானே வந்து மாட்டுறேன். நான் ரோட்ல மாட்டுற மாதிரியே, கையால. உன் செல்லப்பிள்ளை மாட்டினா அது ராஜா வீட்டு வேலி ஆயிடும்.”

வெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் சொல்றது சரிதான், ரானே. அவனே மாட்டட்டும்” என்றான். அண்ணன் கிளம்பியபோது வண்டி வரைக்கும் கூடவே போனான். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெர்லின் திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அந்தப் பெட்டி நல்லா வேலை செய்யணும் ஜோலீன். தொங்கினாலும் வேலை செய்யணும். இல்லேன்னா அவன் பொழைக்க மாட்டான்.”

ஏப்ரலில் ஒரு நாள் சோதனைக்குக் குறித்தோம். லூமிர் தன் ஆட்களில் ஒருவனோடு வந்து பெட்டியை மாட்டினார். நட்டுகளைக் கையால் முடுக்கினார். குளிர்காலம் முழுக்க உரசிய பெட்டி எப்படித் தொங்குமோ, பாலத்தருகே போலீஸ் எடுத்த படத்தில் இருந்தது போலவே அதை ஒரு தள்ளுத் தள்ளிக் குனிய வைத்தார். ரானே எல்லோரையும் கூப்பிட்டு, “பெட்டியை யாரும் தொடக்கூடாது. மத்த தூணெல்லாம் வழக்கம்போலப் பாத்துக்கோ வெர்லின்” என்றாள். அவனும் சரி என்றான்.

காற்று புழுதியை வாரி இறைத்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெர்லின் தன் நடையை நடந்தான். லூமிர் முதல் தூணுக்கு அருகே தன் வண்டிமேல் சாய்ந்து நின்றார். பிறகு எல்லோரும் பின்வாங்கினோம், வடம் இழுத்தது, கார் பாய்ந்தது.

பெட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தகடு நசுங்கி நாடா நாடாவாக வெளியே சுருண்டது. கார் முக்கி முனகி நின்றது. பொம்மை சாவதானமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை அழகான மோதலை நான் பார்த்ததில்லை.

லூமிர் அப்படியே கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது ஆள், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வெர்லின் பக்கத்தில் போய் நின்றான். லூமிர் அவன் காலைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ரானே எல்லோரையும் சாப்பிடக் கூட்டிப்போனாள். கேலீன் போன நாளிலிருந்து தொடாத சில்லி சூப்பையும் ரொட்டிச் சுருளையும் லூமிர் கேட்டு வாங்கினார். வாய் ஓயவில்லை.

“எமில் வீட்டுக்குப் போகப்போறேன். ஜெயிச்சேன்னு சொல்ல இல்ல. சும்மா போய் உக்காரணும். இப்பத்தான் உக்கார முடியும்.” தம்பியைப் பார்த்து, “என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? தின்னு!” என்றார்.

வெர்லின் உட்காரும்போது பின்பாக்கெட்டில் குத்தியதால் ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

“ரானே, இந்த வாயைப் பாரு. தூணோட நட்டு இதைவிடச் சின்னது.”

“எந்த வாயை?”

“ஸ்பேனர் வாயை. இது பெட்டி நட்டோட அளவு. காலைல தூணுக்குத்தான் வெச்சிருந்தேன்.” அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. “நான் பெட்டியை நிமித்தி முடுக்கிட்டேன். இப்ப ஞாபகம் வருது. தொங்கிட்டிருந்துது, கை போயிடுச்சு.”

 ரானே மெதுவாகக் கேட்டாள், “வேணும்னு செஞ்சியா?”

“இல்ல. சத்தியமா இல்ல. நடந்தேன், கை செஞ்சிடுச்சு.”

அவன் பொய் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தொங்குகிற எதையும் நிமிர்த்தாமல் அவன் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் கூட அலமாரிக் கதவின் திருகாணியைச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று அந்த நிமிஷம் நான் நினைத்தேன். உடனே ஓடைப் பாலம் நினைவுக்கு வந்தது. மாவட்டம் பூராவும் தொங்கிக்கொண்டிருக்கிற பெட்டிகள், அவற்றைத் தாண்டிப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவன் செய்ததுதான் சரி. சரியானதைச் செய்தவனைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

லூமிர் ரொட்டிச் சுருளைத் தள்ளி வைத்தார், தொப்பியைப் போட்டார், போய்விட்டார்.

அடுத்த சோதனைக்குள் மே மாதம் வந்துவிட்டது. லூமிர் வரமாட்டார் என்று நினைத்தோம், வந்தார். பழையபடி தானே மாட்டினார், தானே குனிய வைத்தார். வெர்லின் கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது என்று ரானே சொல்லியிருந்தாள். அவன் ஜன்னலுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். முதல் தடவை கார் நின்றது அவனால் இல்லை, பெட்டியால்தான் என்று இன்னும் ஒரு நப்பாசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. கார் முட்டும் வரைக்கும் இருந்தது.

பெட்டி ஒரு முழம்கூட வழுக்கவில்லை. அதன் முகம் தரையில் குத்திச் சிக்கிக்கொண்டது. தகடு மடங்கி, கதவைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. புழுதி அடங்கியபோது லூமிர்தான் முதலில் காரிடம் போனார். குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பொம்மைதான், ஆனால் அவர் பார்த்தது பொம்மையை இல்லை.

அந்தக் கோடையிலேயே மாவட்டத்துப் பெட்டிகளையெல்லாம் ஸ்பேனர் போட்டு முடுக்கினார்கள். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது பிழைத்தவர்களுக்கே தெரியாது. லூமிர் அந்த வேலையில் இல்லை. சோதனை நடந்த மறுநாளே வண்டிச் சாவியை அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். எமில் வீட்டுக்கும் கடைசிவரை போகவில்லை.

ஆனால் அந்த இரண்டாம் சோதனையன்று, காரை விட்டு நிமிர்ந்தவர், கொட்டகையிலிருந்து ஓடிவந்த தம்பியைக் கைநீட்டி நிறுத்தினார். நான் கேமராவைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். காற்றுகூட அப்போது நின்றிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

“அன்னைக்கு நீ முடுக்கினதை நான் பாத்தேன்டா.”

வெர்லினுக்குப் புரியவில்லை. “எப்ப?”

“மொத தடவை. என் கண்ணு முன்னாலதானே நின்னே. பெட்டியைத் தூக்கினே, ரெண்டு நட்டையும் முடுக்கினே. நான் வாயைத் தொறக்கல.” லூமிர் காறித் துப்பினார். “என் தம்பி எனக்காகச் செய்யறான்னு நெனச்சேன். நான் கொலைகாரன்னு தெரிஞ்சும் செய்யறான்னு நெனச்சேன். கார் நின்னுச்சே, அதுக்கா நான் அழுதேன்? அது பித்தலாட்டம்னு எனக்கு அப்பவே தெரியும். நீ செஞ்சியே, அதுக்குத்தாண்டா அழுதேன்.”

லூமிர் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

“இப்பச் சொல்லு. இனிமே எந்தக் கணக்கும் மாறப்போறதில்ல, என்னால பொண்ணு செத்துது, அது முடிஞ்சுது. எனக்கு மட்டும் சொல்லு. கொஞ்சமாவது எனக்காகச் செஞ்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பேச்சே வராதவன், ஒரு தலையாட்டல் போதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அண்ணன் முன்னால் ஆட்டிய அதே தலை. எந்தச் சோதனையும் கெட்டுப்போயிருக்காது, யார் உயிரும் போயிருக்காது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிடுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அன்று தன் கையில் என்ன இருந்தது என்று.

“இல்ல லூமிர்” என்றான். “எந்தப் பெட்டியா இருந்தாலும் முடுக்கியிருப்பேன்.”

லூமிர் தலையசைத்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார், தம்பி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அந்த ஆறு வருஷமும் வெர்லினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.